புதிதாக நட்ட லாவெண்டர் வாடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓசூர் பக்கம் நர்சரியில் கவர் செடியாக லாவெண்டர் வாங்கி வந்து நட்டவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "வாங்கும்போது நல்லாத்தாங்க இருந்துச்சு. நட்டதுக்கப்புறம் தலை தொங்கிருச்சு. தண்ணியெல்லாம் தவறாம விட்டுட்டுத்தான் இருக்கேன்." கடைசியாகச் சொன்னதில்தான் பாதி வியாதி இருக்கிறது. ரோஜா, சாமந்தி, மல்லி என்று வளர்த்துப் பழகிய கைக்கு, செடி வாடினால் தண்ணீர் ஊற்றத்தான் தோன்றும். அந்தச் செடிகளுக்கு அது சரிதான். லாவெண்டரோ மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகளில், கோடை முழுக்க மழை இல்லாமல் வளர்ந்து வந்த செடி. வேர் காய்ந்தாலும் வாடும், வேர் நீரில் மூச்சுத் திணறினாலும் வாடும். வெளியே தெரியும் வாட்டம் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் கீழே உள்ளதில் எந்த அறிகுறியைப் படித்தாலும் சரி, வேர்க்கட்டியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர்.

எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில் அது லாவெண்டர்தானா என்று பாருங்கள். ஊதாப் பூக் கதிர் இருப்பதால் ப்ளூ சால்வியாவையும் லாவெண்டர் என்று விற்கிறார்கள். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும். லாவெண்டர் என்றால் பூவே இல்லாவிட்டாலும் இலையிலேயே மணம் தூக்கலாக வரும். சால்வியாவாக இருந்தால் அதற்குத் தண்ணீர்த் தேவை வேறு, இந்தக் கட்டுரை உதவாது.

அடுத்து வேர்க்கட்டி. நர்சரியில் இந்தச் செடியைப் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில், அதாவது கோகோபீட்டில்தான் வளர்க்கிறார்கள். நாம் அதைக் கொண்டுவந்து செம்மண்ணில் இறக்குகிறோம். குழிக்குள் இப்போது இரண்டு மண் இருக்கிறது. சுற்றியுள்ள செம்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதும் நடுவில் உள்ள கோகோபீட் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். இது மழைக்காலக் கதை. பங்குனி, சித்திரையில் நடப்பது நேர்மாறு. கோகோபீட் ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் உள்வாங்காது. ஊற்றுகிற தண்ணீர் கட்டியின் ஓரமாக வழிந்து செம்மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே பார்த்தால் பாத்தி நனைந்திருக்கும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். ஆகவே பாத்தி மண்ணைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு காய்ந்த குச்சியை வேர்க்கட்டிக்குள் மூன்று அங்குலம் இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி நிறம் மாறி, தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சுத்தமாக வந்தால் காய்ந்திருக்கிறது. தொட்டியாக இருந்தால் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது, குழியில் தண்ணீர் வடிகிறதா என்பது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மேலே ஒரு அடி அருமையான செம்மண் இருக்கும், அதற்குக் கீழே பாறையோ சுக்கான் என்னும் சுண்ணாம்புப் படிவமோ வந்துவிடும். செடிக்குப் பக்கத்திலேயே ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை நிரப்பிய தண்ணீர் நாலு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் தரையோடு தரையாக லாவெண்டர் நிற்காது.

மதியம் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது

இது வியாதி இல்லை. நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடி இப்போதுதான் முழு வெயிலைப் பார்க்கிறது. இலையிலிருந்து ஆவியாகும் நீரை, இன்னும் பரவாத வேரால் ஈடுகட்ட முடிவதில்லை. மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றை ஊன்றி மதிய வெயிலை மட்டும் மறையுங்கள். இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம். பூ இருந்தால் காம்போடு கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், அந்தப் பூவைப் பார்த்துத்தானே வாங்கினோம். ஆனால் வேர் விட வேண்டிய நேரத்தில் பூ செடியின் சத்தை இழுத்துக்கொள்ளும். உரம் எதுவும் வேண்டாம். தண்ணீர், குச்சி காய்ந்து வந்தால் மட்டும்.

இதே வேளையில் வெள்ளையாகவோ வெளிறிய பழுப்பாகவோ திட்டுகள், வெயில் படும் பக்கத்து இலைகளில் மட்டும் வந்திருந்தால் அது வெயில் சுட்ட தடம். அந்த இலை பழைய நிறத்துக்குத் திரும்பாது. புது இலை நன்றாக வந்தால் கவலையில்லை.

விடியற்காலையிலும் தொங்குகிறது, வேர்க்கட்டி ஈரமாக இருக்கிறது

லாவெண்டரில் பார்த்தவுடன் கை வைக்க வேண்டிய அறிகுறி இதுதான். இரவெல்லாம் குளிர்ந்தும் செடி நிமிரவில்லை, காலடியில் ஈரமும் இருக்கிறது என்றால் வேர் தண்ணீரை எடுக்க முடியாத நிலையில் இருக்கிறது. பைட்டோப்தோரா, பித்தியம் வகை நோய்க்கிருமிகள் இப்படித் தேங்கிய ஈரத்தில்தான் வேருக்குள் நுழையும். புரட்டாசி, ஐப்பசியில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் தொடர்ந்து தூறலும் மூட்டமுமாக இருக்கும் நாட்களில் இது மிக வேகமாகப் பரவும்.

யோசிக்காமல் செடியைத் தோண்டி எடுங்கள். மத்திகிரியில் ஒரு அக்கா வீட்டில் இப்படி ஒன்றை எடுத்தோம். கட்டியைக் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஓரத்து வேர்கள் வெளிர் பழுப்பாக, இழுத்தால் விறைப்பாக நின்றன. அடிப்பக்கத்து வேர்களை விரலால் உருவினால் தோல் மட்டும் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிஞ்சியது. சாக்கடை வாடை வேறு. "இவ்ளோ தண்ணி எங்கிருந்து வந்துச்சு, நான் ரெண்டு நாளா ஊத்தவே இல்லையே" என்றார் அக்கா. ஊற்றவில்லைதான். நார்க்கழிவு விடவில்லை.

தோல் கழலும் வேர்கள் பாதிக்குக் கீழே இருந்தால் செடியைக் காப்பாற்றப் பார்க்கலாம். அழுகியதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி எறியுங்கள். கட்டியிலுள்ள நார்க்கழிவை விரலால் மெதுவாக உதிர்த்து, வேரில் எவ்வளவு குறைவாக ஒட்டியிருக்குமோ அவ்வளவுக்குக் கொண்டுவாருங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் குறைக்க வேண்டும். பச்சைத் தண்டில் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம், இலையே இல்லாத கட்டைப் பகுதிவரை வெட்டினால் அங்கிருந்து மறுபடி துளிர்ப்பது கஷ்டம். பிறகு கீழே துளை உள்ள மண் தொட்டியில், செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, சிப்ஸ் ஜல்லி ஒரு பங்கு, ஒரு கைப்பிடி மக்கிய எரு என்று கலந்து நடுங்கள். குவாரியும் கிரஷரும் உள்ள மாவட்டம் நம்முடையது, ஜல்லிக்குப் பஞ்சமில்லை. மணலுக்கு எம்-சாண்ட் எடுத்தால் இரண்டு மூன்று தடவை அலசி அதன் தூளைப் போக்கிவிட்டுப் போடுங்கள். தூளோடு போட்டால் அது துளைகளை அடைத்து மண்ணை இறுக்கிவிடும், நாம் எதற்காகக் கலந்தோமோ அதுவே கெட்டுப்போகும்.

நட்டதும் ஒரே ஒரு முறை தண்ணீர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சை மருந்தைக் கலந்து ஊற்றலாம். ரசாயனம் வேண்டாம் என்றால் டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய எருவில் கலந்து வேரடியில் இடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், மருந்து அதையும் கொன்றுவிடும். பிறகு குச்சி காய்ந்து வரும்வரை செடியை நிழலில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் சிரமம்.

தண்டு மண்ணைத் தொடும் இடம் சுற்றிலும் கறுத்து மெத்தென்று இருந்தால் வைத்தியம் இல்லை. செடியை எடுத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள், அதே குழியில் இன்னொரு லாவெண்டரும் வைக்காதீர்கள். அடுத்த செடியை ஒன்று, ஒன்றரை அடி உயர மேட்டுப்பாத்தியில், வேர்க்கட்டியின் தலை மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே தெரியும்படி நடுங்கள். சுற்றிலும் குழித்துப் பாத்தி கட்டுகிற பழக்கத்தை இந்தச் செடிக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் தண்டை விட்டு விலகி ஓட வேண்டும்.

விடியற்காலையிலும் தொங்குகிறது, வேர்க்கட்டி காய்ந்திருக்கிறது

காவேரிப்பட்டினம், பாலக்கோடு, அரூர் மாதிரி தாழ்ந்த, சூடான பகுதிகளில் கோடையில் நட்டவர்கள் அதிகம் பார்ப்பது இது. இலை முறுகி, தொட்டால் நொறுங்கும். முதலில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

தொட்டி என்றால் ஒரு பக்கெட் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை வைத்து எடுத்து முழுசாக வடிய விடுங்கள். தரையில் இருந்தால் வேர்க்கட்டியில் நாலைந்து இடத்தில் குச்சியால் துளையிட்டு, மூடியில் ஊசித் துளை போட்ட பாட்டிலைக் கவிழ்த்து வைத்துச் சொட்டுச் சொட்டாக இறங்க விடுங்கள். ஹோஸ் பைப்பைப் பிடித்து அடித்தால் எல்லாம் ஓரமாகத்தான் போகும். மறுநாள் குச்சி வைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் ஏறியிருந்தால் அடுத்த தண்ணீர் மறுபடி காய்ந்த பிறகுதான். காய்ந்துபோன செடியைக் காப்பாற்றிவிட்டு, பயத்தில் தினமும் ஊற்றி அழுகவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது.

அடி இலைகள் மஞ்சளாகின்றன, அல்லது கறுக்கின்றன

நட்ட சில நாளில் அடியில் நாலைந்து இலை மஞ்சளாகி உதிர்ந்தால் இடம் மாறியதால் வந்தது, விடுங்கள். மஞ்சள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனால் வேரில் ஈரம் அதிகம், மேலே சொன்ன சோதனைக்குப் போங்கள். செடியின் நடுவில், காற்றுப் புகாத இடத்தில் இலைகள் கறுத்து ஈரமாக ஒட்டிக் கிடந்தால் அது காற்றோட்டக் குறை. கறுத்ததைக் கையால் உருவி எடுத்துவிட்டு, தரையில் கிடக்கும் உள்கிளைகளை வெட்டுங்கள். செடிக்குச் செடி இரண்டு அடி இடைவெளி வேண்டும். மூடாக்காக வைக்கோல், தேங்காய் மட்டை, சருகு எதுவும் தண்டை ஒட்டி வேண்டாம். அதற்குப் பதில் இரண்டு அங்குலம் ஜல்லி பரப்புங்கள். மழைத்துளி பட்டு மண் இலையில் தெறிப்பதும் இதில் நின்றுவிடும்.

ஒன்று நினைவில் வையுங்கள்: லாவெண்டர் இலை இயல்பிலேயே சாம்பல் பூத்த பச்சை. மேலே உள்ள மெல்லிய ரோமத்தால் வருவது அது. அதைச் சாம்பல் நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம்.

நுனி இலைகள் மட்டும் வெளுத்து மஞ்சளாகின்றன

பழைய இலை நிறம் மாறாமல், புது இலை மட்டும் வெளிறி வந்தால் இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். போர் தண்ணீரில் உள்ள காரத்தன்மையும் சுக்கான் மண்ணும் அதைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். மழைநீர் சேமிப்பு இருந்தால் கொஞ்ச நாளைக்கு அதை ஊற்றுங்கள். அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சரியாகவில்லை என்றால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் முறை. பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.

இலை நுனி கருகுகிறது

இதற்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு தனிக் காரணம் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் உப்பும் அதிகம் என்பதால் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மிஷின் இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் குழாய் போட்டுச் செடிக்கு விடுகிறார்கள். தண்ணீர் அருமை தெரிந்தவர்களின் நல்ல பழக்கம்தான், ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில் செறிவாக வந்து சேருகிறது. பாத்திரம் கழுவ, வாசல் அலச வைத்துக்கொள்ளுங்கள். லாவெண்டருக்கு வேண்டாம். கடினத்தன்மை போக்கும் சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம், அதில் சோடியம் ஏறியிருக்கும். ஒகேனக்கல் குடிநீர் வரும் வீடுகளில் பாதி நாள் அதையும் பாதி நாள் போர் தண்ணீரையும் விட்டாலே நுனி கருகல் குறையும்.

இன்னொரு காரணம் உரம். குழியில் டி.ஏ.பி., புதுக் கோழி எரு, ஊறவைத்த புண்ணாக்குத் தண்ணீர் என்று ஆசையாகப் போட்டிருப்பீர்கள். லாவெண்டருக்குப் பசி குறைவு. முதல் ஆறு மாதம் எதுவுமே போடாவிட்டாலும் அது கேட்காது. உரத்தால் கருகியது என்றால், வடிகால் நன்றாக உள்ள குழியில் மட்டும், நல்ல தண்ணீரை ஒருமுறை தாராளமாக ஊற்றி உப்பை அலசி இறக்கிவிட்டுப் பிறகு காயப்போடுங்கள்.

ஒரு கிளை மட்டும் காய்கிறது

கிளையின் அடியைப் பாருங்கள். வண்டியில் கொண்டுவரும்போது கவட்டையில் பிளந்திருக்கலாம். அப்படியென்றால் பிளவுக்குக் கீழே வெட்டினால் முடிந்தது. மண் பூச்சு ஏறியிருந்தால் கரையான். நம் செம்மண்ணில் இது சகஜம். பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்டை விட்டுத் தள்ளி ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளை மண்ணில் கிளறிவிடுங்கள். குழியில் மக்காத மரத்துண்டு, தேங்காய் மட்டை புதைத்திருந்தால் தோண்டி அப்புறப்படுத்துங்கள். பிளவும் இல்லை, கரையானும் இல்லை, ஒரு கிளைக்குப் பின் பக்கத்துக் கிளையும் காய்கிறது என்றால் அது வேரழுகல்தான். மேலே போய் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

பூச்சி

வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செம்பேன் மூன்றும் வரும், மூன்றும் பலவீனமான செடியைத்தான் அதிகம் பிடிக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். பூ விட்டிருக்கும்போது தேனீ வரும் நேரத்தில் தெளிக்காதீர்கள்.

ஒல்லியாக நீள்கிறது, பூ வரவில்லை

நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

பூ வராததற்குப் பெரும்பாலும் ரகம்தான் காரணம். காஷ்மீரத்துப் பக்கம் பதர்வாவில் ஊதா வயலாகப் படத்தில் பார்ப்பது ஒல்லி இலை ஆங்கில லாவெண்டர். பதர்வா 1,600 மீட்டர் உயரத்தில், பனி விழும் ஊர். அந்த ரகத்துக்குப் பூக்கக் கடுங்குளிர் வேண்டும். ஓசூரும் தளியும் 900, 1,000 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அந்தக் குளிர் இங்கே இல்லை. தருமபுரியில் அறவே இல்லை. இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் டென்டாட்டாவும், கொத்துமல்லித் தழை போலப் பிளந்த இலை கொண்ட மல்டிஃபிடாவும் நம் சூட்டைத் தாங்கும், குளிர் கேட்காமல் பூக்கும். உங்களிடம் இருப்பது ஒல்லி இலை என்றால் இலை மணத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள், பூவை எதிர்பார்த்து உரம் போட்டுக் கெடுக்காதீர்கள்.

எப்போது மறுபடி நடுவது

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது இந்தச் செடிக்குப் பொருந்தாது. ஆடியில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே ஆவணி தொடங்கி ஐப்பசிவரை மழையில் நிற்க வேண்டியிருக்கும். கார்த்திகை பாதியில் மழை ஓய்ந்த பிறகு, தை முடிவதற்குள் நடுங்கள். வெயில் ஏறும் முன் வேர் பரவ இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். நடும் முன் கவரைக் கிழித்ததும் கட்டியை உடைக்காமல் ஓரங்களில் உள்ள நார்க்கழிவை மட்டும் உதிர்த்து, வேர் நுனிகள் வெளியே தெரியும்படி செம்மண் கலவையில் வையுங்கள்.

இப்போது உள்ள செடி பிழைக்குமா என்று சந்தேகமாக இருந்தால் காத்திருக்காதீர்கள். இன்னும் பச்சையாக இருக்கும் நுனிகளில் பூ மொட்டு இல்லாத நாலைந்தை மூன்று அங்குல நீளத்துக்குக் கிள்ளி, அடி இலைகளை உருவி, அலசிய மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். மணல் காயாமல், நசநசக்காமல் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு வாரத்தில் வேர் விடும். மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது பிடிமானம் தெரிந்தால் சின்னத் தொட்டிக்கு மாற்றலாம்.